பாப்பா எழுதிக் கொடுத்த பேச்சு

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற அந்தச் சலவைக்கூடத்தில் அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று இரண்டு பக்கம் இருந்தது. நடுவில் சுவர். சுவருக்குள் பதித்த பெரிய இயந்திரங்களில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து துணியைத் திணிப்பார்கள். வெந்து, அலசி, பிழிந்து இந்தப் பக்கத்துக் கதவு வழியாக அது வெளியே வரும். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. சாப்பிட வருவதென்றால்கூட மேலங்கியைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு, வெளியே மழையில் சுற்றித்தான் வரவேண்டும்.

நாலுமடி சுத்தப் பக்கத்துக்காரி. அவளுடைய பெயர் அதுவல்ல. சூடான உருளைக்குள் படுக்கை விரிப்பை விட்டு, மறுபக்கம் வருவதைப் பிடித்து, ஓரத்தோடு ஓரம் இம்மி பிசகாமல் நாலாக மடித்து அடுக்குவாள். அதைப் பார்த்துப் பொத்தான் அக்கா வைத்த பெயர். அழுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த பொத்தான் அக்கா, நோயாளிகளின் சட்டையிலிருந்து கழன்று விழுகிற பொத்தான்களையெல்லாம் பொறுக்கிக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று யாராவது கேட்டால், "கெடக்கட்டுமே, சோறா கேக்குது?" என்பாள். கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அதனால் சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் வாய் ஓயாது.

"என்னடி, சுத்தப் பக்கத்துப் பொறுப்ப உன்னைய எடுத்துக்கச் சொல்லி மேடம் கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க அக்கா. நான்தான் பிடி கொடுக்கல."

"ஏன்? கிரீடத்தத் தலையில வைக்கிறேன்னா எனக்குத் தலைவலிங்கறியா?"

"போன் எடுக்கணும் அக்கா. வார்டுலேர்ந்து கூப்பிட்டு எத்தன விரிப்பு, எப்ப வண்டி வரும், போன தடவ ஏன் ஈரமா வந்துச்சுன்னு சரமாரியாக் கேப்பாங்க. எனக்கு மொகத்தப் பாத்துப் பேசினாலே பாதிதான் வெளங்குது. போன்ல மொகமும் கெடையாது."

"அதுக்குத்தானே சனிக்கிழம சனிக்கிழம கிளாசுக்குப் போற?"

"போறேன். கடைசியில எழுந்து நின்னு பேசிக் காட்டணுமாம். அதுல தேறினாத்தான் சான்றிதழ். அது இருந்தாத்தான் பொறுப்பு." நாலுமடி உருளைக்கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "எதுக்கு அக்கா அந்தத் தொல்ல? அவரு அடுத்த மாசம் வண்டியெடுத்துடுவாரு. அவரு சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டா எனக்கு மடிக்கிற வேலையே போதும்."

பொத்தான் அக்கா முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசம், அடுத்த மாசம்னு நீ சொல்லிச் சொல்லி எனக்கே காது புளிச்சிப் போச்சு" என்றாள்.

அது உண்மைதான். கணவர் பார வண்டி ஓட்டுகிறவர். சரக்கு ஏற்றுகிற சரிவுப் பலகையில் மழை ஈரத்தில் வழுக்கி, பின்னால் உருண்டு வந்த பெட்டிகளுக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். முதுகில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கோல் ஊன்றி நடந்தார். பிறகு கோலை விட்டார். ஆனால் மெத்தையில் அவரால் உட்கார முடியாது. வீட்டுக் கூடத்தில் மரநாற்காலி ஒன்றைப் போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வண்டி காலி, எது பாரம் ஏற்றியது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார்.

இந்த ஊர் பாஷை அவருக்கும் அவ்வளவாக வராது. ஏற்று, இறக்கு, இடது, வலது, கையெழுத்து எங்கே என்பதோடு சரி. வண்டி ஓட்டுவதற்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. மற்றதற்கெல்லாம் மகள் இருந்தாள். பதினாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். சின்ன வகுப்பில் படிக்கும்போதே பாங்கிக்கும் தபால் அலுவலகத்துக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளைப் பற்றி அவளுடைய ஆசிரியை சொன்ன புகாரைக்கூட அவளே அப்பா அம்மாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வாய் அவள்தான். அப்பாவின் ஒவ்வொரு மருத்துவச் சந்திப்புக்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டுக் கூடப் போனாள்.

அன்று நாலுமடி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது கணவர் கூடத்தின் நடுவில் அரிசி மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பாத்தியா? தூக்கிட்டேன்ல?"

"ஐயோ, என்னங்க இது? கீழ வைங்க!"

உள்ளேயிருந்து பாப்பா ஓடி வந்தாள். "அப்பா! தூக்கக் கூடாதுன்னு டாக்டர் எத்தன தடவ சொன்னாரு?"

"அது அப்ப சொன்னது. கொஞ்ச நாள் ஆகும்னு நீதானே சொன்ன? கொஞ்ச நாள் ஆயிடுச்சுல்ல?" மூட்டையை இறக்கிவிட்டு நிமிர முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் சிரித்தார். "டிப்போவுக்குப் போன் பண்ணேன். அடுத்த வாரக் கடைசியில பக்கத்து ஊருக்கு ஒரு சின்ன லோடு இருக்காம். ஓட்டிப் பாருன்னு சொல்லிட்டான்."

பாப்பா மூட்டையைத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். வகுப்பில் பேச வேண்டிய தலைப்பு 'என் வீடு'. நாலுமடி கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள். பாப்பா ஊர் பாஷையில் தட்டினாள்.

"என் வீட்டுல மூணு பேரு. அவரு லாரி ஓட்டுறவரு. அடிபட்டுட்டாரு. ரொம்ப நேரம் உக்கார முடியாது, குனிய முடியாது. ஆனா சீக்கிரம் மறுபடி ஓட்டப் போறாரு. மக நல்லாப் படிக்கிறா. இப்படி நாலு வரி போடு. பெரிய வார்த்தை எல்லாம் வேணாம், என் வாயில நுழையாது."

"சரிம்மா."

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்." பாப்பா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கொஞ்ச நேரம் எதையோ அழித்து எழுதினாள். பிறகு டீச்சருக்கு அனுப்பிவிட்டாள்.

மகள் ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்க, நாலுமடி அந்த ஓசையைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க உருளை முன்னால் நின்று அதைத்தான் முணுமுணுத்தாள். முகத்தில் அனல் அடிக்கும். விரிப்பு வரும். ஓரத்தைப் பிடிக்கும்போது ஒரு வாக்கியம், மடிக்கும்போது ஒரு வாக்கியம். வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு முழுதும் தண்ணீராக ஓடியது.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். ரொட்டி சுடுகிற பெரியவர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். கிடங்குக் காவல்காரர் ஒருவர் வேலை முடிந்து நேராக வருவார். அவர் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் போக வேண்டும். டீச்சர் இவர்கள் எல்லாரையும்விட வயதில் சிறியவள். ஊர் பாஷை தவிர வேறு தெரியாது, அதனால் புரியாததையெல்லாம் நடித்துக் காட்டுவாள்.

அன்று வந்ததும் எல்லாருடைய தாளையும் வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"தாள் வேண்டாம். தாள் இருந்தால் நீங்கள் வாசிக்கிறீர்கள். எனக்கு நீங்கள் பேச வேண்டும்" என்றாள். கணினியில் எதையோ அழுத்தினாள். திரையில் வார்த்தைகள் வந்தன. வரியாக வரவில்லை. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்று படுத்து, ஒன்று செங்குத்தாக நின்று, எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒரு கொத்தாகக் கிடந்தன. இதற்குச் சொல் மேகம் என்று பெயர் என்றாள் டீச்சர். நீங்கள் அனுப்பிய பேச்சைத்தான் இதில் போட்டேன். எந்தச் சொல்லை அதிகம் எழுதினீர்களோ அது பெரிதாகத் தெரியும். எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். வரிசை உங்கள் இஷ்டம்.

முதலில் காவல்காரர். அவருடைய மேகத்தின் நடுவில் பூதம் மாதிரி நின்ற சொல் 'தூக்கம்'. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்து, "என் முதலாளிக்குக் காட்டாதீர்கள்" என்று தானாகவே ஒரு முழு வாக்கியம் சொன்னார். டீச்சர் கை தட்டினாள். அடுத்து ரொட்டிக்காரர். அவருக்கு 'மாவு'. மாவைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். இலக்கணம் எல்லாம் இடிந்து விழுந்தது. ஆனால் அடுப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் விளங்கியது.

பிறகு நாலுமடியின் மேகம் வந்தது.

நடுவில் பெரிதாக 'முடியாது'. அது அவளுக்குத் தெரியும். அதற்குக் கீழே 'கணவர்', 'மகள்', 'லாரி', 'முதுகு'. தெரிந்த முகங்களைக் கூட்டத்தில் பார்த்ததுபோல அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எழுந்து நின்றாள். கையில் தாள் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என் வீடு. மூன்று பேர். என் கணவர்... லாரி. அவர் லாரி ஓட்டுகிறார்." மனப்பாடம் செய்த வரிகளின் வரிசை குழம்பிவிட்டது. ஆனால் திரையில் வரி இல்லையே, சொற்கள்தானே இருந்தன! ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். வலது ஓரத்தில் ஒரு சொல் நெட்டுக்குத்தாக நின்றது. எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பொருள் தெரியவில்லை.

"டீச்சர், அது என்ன?"

டீச்சர் அந்தச் சொல்லை உரக்கப் படித்தாள். ஓசையைக் கேட்டதும் நாலுமடிக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் வாயில் ஓடிய ஓசைதான். கணவரைப் பற்றிய வரியில், 'லாரி' என்பதற்கு முன்னால் வரும்.

"சொல் தெரியும். அர்த்தம் தெரியாது" என்றாள்.

டீச்சர் வழக்கம்போல நடித்துக் காட்டினாள். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியிடம் போய் அன்றைய தேதியைத் தொட்டாள். "இன்று, இல்லை." அடுத்த நாளைத் தொட்டாள். "நாளை, இல்லை." தாள்களைப் புரட்டினாள். "அடுத்த மாதம், இல்லை. அடுத்த வருடம், இல்லை." கடைசித் தாளும் தீர்ந்து வெறும் சுவர் வந்தது. சுவரைத் தட்டி, "ஒருபோதும் இல்லை" என்றாள். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். நாலுமடியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வரி. காட்டுங்கள்."

டீச்சர் அவள் அனுப்பிய பேச்சைத் திறந்து அந்த வரியை மெதுவாக, சொல் சொல்லாகப் படித்தாள். அவர் இனி ஒருபோதும் லாரி ஓட்ட மாட்டார்.

"இன்னொரு முறை."

மறுபடி படித்தாள்.

"இது யார் எழுதியது?" என்று டீச்சர் தணிந்த குரலில் கேட்டாள்.

"மகள்." நாலுமடி உட்காரவில்லை. சின்னப் பிள்ளை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: "இது என் பேச்சு இல்லை. அடுத்த சனிக்கிழமை, நான் மறுபடி. என் சொல்."

வாசலில் குடையோடு பாப்பா காத்திருந்தாள். சனிக்கிழமைகளில் வகுப்பு விட்டதும் இருவரும் கடைக்குப் போவார்கள். அன்று பேருந்து நிறுத்தத்துக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள்.

"எப்படிம்மா போச்சு?"

"நல்லாப் போச்சு. டீச்சர் பேச்சப் பிச்சு ஒவ்வொரு வார்த்தையா திரையில நிறுத்துனாங்க. ஒரு வார்த்த புதுசாக் கத்துக்கிட்டேன்."

"என்ன வார்த்த?"

நாலுமடி சொன்னாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

பாப்பா குடையை மடக்கினாள், மறுபடி விரித்தாள். கூரைக்கு அடியில் நின்றுகொண்டு குடையைப் பிடித்திருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது தடவ போனோமே, அன்னிக்கே."

"அன்னிக்கே தெரிஞ்சு..."

"டாக்டர் சொல்லிட்டு என்னையப் பாத்தாரும்மா. நீயும் என்னையப் பாத்த. அப்பா சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. டாக்டர் ஏதோ நல்லது சொல்றாருன்னு நெனச்சு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. நான் எப்படிச் சொல்றது? கொஞ்ச நாள் ஆகுமாம்னு வாயில வந்துடுச்சு. அடுத்த தடவ சொல்லிடலாம்னு இருந்தேன். அடுத்த தடவ டாக்டர், அப்பா இத எப்படித் தாங்கிக்கிறாருன்னு என்கிட்டயே கேட்டாரு. நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னேன். அங்கயும் பொய், இங்கயும் பொய்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடி?"

"நீ அப்பாகிட்ட சொல்லாம இருப்பியா? உன் மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்."

"அப்ப அந்தப் பேச்சுல மட்டும் ஏன் எழுதின?"

பாப்பா அழ ஆரம்பித்தாள். "சீக்கிரம் மறுபடி ஓட்டப் போறாருன்னுதான் மொதல்ல எழுதினேன். எழுத்துல பாக்கவும் எனக்கே சகிக்கல. நீ சும்மா நெட்டுருப் போட்டு ஒப்பிக்கத்தானே போற, உனக்கு வெளங்காதுன்னு நெனச்சேன். எங்கயாவது ஒரு எடத்துல உண்மைய வெச்சிட்டா போதும்னு இருந்துச்சும்மா. இப்படி வாக்கியத்தப் பிச்சுப் பிச்சு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்துவாங்கன்னு நான் கண்டேனா?"

நாலுமடிக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. பேருந்து வந்தது, நின்றது, அவர்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சக்கரம் வாரியடித்த தண்ணீர் இருவருடைய காலையும் நனைத்தது.

"இனிமே டாக்டர்கிட்ட நீ வர வேணாம்" என்றாள்.

"கோவமாம்மா?"

"கோவந்தான். ஏன் இல்லாம? ஆனா அதுக்காகச் சொல்லல. இத்தன நாளா உன்னையக் கொண்டுபோய் நடுவுல நிறுத்திட்டு நாங்க ரெண்டு பேரும் சொகமா உக்காந்திருந்திருக்கோம். போதும். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

"உனக்குப் புரியாதும்மா. வேகமாப் பேசுவாரு."

"புரியற வரைக்கும் கேப்பேன்."

"அப்பாகிட்ட இப்பவே சொல்லிடட்டுமா? அவரு வண்டியெடுக்கப் போறேங்கறாரே."

"வண்டியெடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும். ஆனா நீ சொன்னத, டீச்சர் சைகை காட்டினத வெச்சிக்கிட்டு ஒரு மனுஷன்கிட்ட அதப் போய்ச் சொல்ல முடியாது. டாக்டர் வாயாலயே கேட்டுட்டுத்தான் சொல்லணும்." முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். "மூக்கச் சிந்து. கடைக்குப் போகணும்."

திங்கட்கிழமை காலை இடைவேளையில் நாலுமடி மேற்பார்வையாளர் மேடத்தின் அறைக்குப் போய், போன் பேசிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கைபேசியில் பேசலாம்தான். உருளைச் சத்தத்தில் அது காதில் விழாது. ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் படபடவென்று பேசினாள்.

"மெதுவாக, தயவுசெய்து" என்றாள் நாலுமடி. "என் கணவர். முதுகு. சந்திப்பு அடுத்த மாதம். எனக்கு இந்த வாரம் வேண்டும்."

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். முடியாது என்பது மட்டும் விளங்கியது.

"அவர் சனிக்கிழமை லாரி ஓட்டப் போகிறார். ஓட்டக் கூடாது. அவருக்குத் தெரியாது. டாக்டர் சொல்ல வேண்டும். இந்த வாரம்."

அந்தப் பக்கம் கணினியில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் நிதானமாக, சின்னக் குழந்தையிடம் சொல்வதுபோல ஒரு கிழமையும் ஒரு நேரமும் சொன்னாள். நாலுமடி அதைத் திருப்பிச் சொன்னாள். சரிதானா என்று கேட்டாள். மறுபடி சொன்னாள். போனை வைத்தபோது முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

மேற்பார்வையாளர் கதவருகே நின்றிருந்தாள். "வார்டு போனும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

நாலுமடி அவளைப் பார்த்தாள். "நான் பொறுப்பு எடுக்கிறேன். சான்றிதழ் கொண்டுவருவேன். முதல் முறை வரவில்லை என்றால் இரண்டாம் முறை."

அன்று மாலையே டீச்சரைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த விளக்கப் புத்தகத்தை நீட்டினாள். டீச்சர் வாங்கிப் புரட்டினாள்.

"இதைப் படித்து விளக்கட்டுமா?"

"வேண்டாம். மேகம் செய்யுங்கள்."

"ஏன்?"

நாலுமடிக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அதற்கான பாஷைதான் போதவில்லை. மனப்பாடம் செய்த வாக்கியத்தோடு போனால் டாக்டர் வேறு மாதிரி ஒரு பதில் சொன்னதும் முழுகிப் போவாள். அவர் எந்தச் சொல்லையெல்லாம் சொல்லக்கூடும் என்று தெரிந்திருந்தால் கூட்டத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளலாம். "வாக்கியம் உடையும். சொல் உடையாது" என்று மட்டும் சொன்னாள். டீச்சர் கணினியைத் திறந்தாள்.

அச்சடித்துக் கொடுத்த தாளை நாலுமடி உருளைக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டி வைத்தாள். எலும்பு, நரம்பு, அதிர்வு, எடை, தேய்மானம், உரிமம். சாப்பாட்டு நேரத்தில் மழையில் சுற்றி வந்த பொத்தான் அக்கா வாசலில் நின்றே அதைப் பார்த்தாள்.

"இது என்னடி, கோழி கெளறின மாதிரி?"

"டாக்டரு பேசப் போறது."

"அவரு இன்னும் பேசவே இல்லையேடி?"

"பேசுவாரு. எதுல மாட்டுவேன்னு இப்பவே பாத்து வெச்சிக்கறேன்."

பொத்தான் அக்கா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அன்று முட்டையைத் தொடவில்லை. "வீட்டுக்காரர்கிட்ட நான் வேணா வந்து..." என்று இழுத்தாள். "நீ வந்தா அவரு அழ மாட்டாரு அக்கா. அழுகையத் தொண்டையிலயே அடக்கிக்குவாரு. வேணாம்" என்றாள் நாலுமடி. அன்று மத்தியானம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் நிற்கிற ஒவ்வொரு முறையும் பொத்தான் அக்கா தான் எழுதிக்கொண்டு போன ஒரு சொல்லைக் கத்துவாள். "தேய்மானம்!" இந்தப் பக்கமிருந்து நாலுமடி பொருளைத் திருப்பிக் கத்துவாள். மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை.

சந்திப்பு நாளில் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "பாப்பா எங்க?" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா."

"அப்ப அங்க யாரு பேசறது?"

"நான்."

"நீயா?" சிரித்தார். "சரி, பேசு. லாரி எடுக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டுடு. எடுக்கச் சொன்னா கையோட டிப்போவுக்குப் போயிடலாம்."

பேருந்தில் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடிப்பதைப் பக்கத்தில் நின்று நாலுமடி பார்த்தாள்.

டாக்டர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. டாக்டர் இவர்களைத் தாண்டி வாசலைப் பார்த்தார். மகள் எங்கே என்று கேட்டார்.

"மகள் வரவில்லை. நான் பேசுவேன். மெதுவாக, தயவுசெய்து. சின்னச் சின்னச் சொல்."

டாக்டர் கணினித் திரையில் படம் ஒன்றைக் காட்டி ஆரம்பித்தார். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பேசினார், நாலாவது வாக்கியத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. நாலுமடி கையை உயர்த்தினாள். அவர் நிறுத்தினார். எலும்பு பிடிபட்டது. நரம்பு பிடிபட்டது. நடுவில் இரண்டு மூன்று நழுவின, அவற்றைத் திருப்பிக் கேட்டாள்.

"என் கணவர் லாரி ஓட்டலாமா?"

டாக்டர் முகத்தில் குழப்பம். "இதை நான் முன்பே சொல்லியிருக்கிறேனே."

"சொன்னீர்கள். இப்போது என்னிடம் சொல்லுங்கள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்து, அவளைப் பார்த்துச் சொன்னார். பாரம் தூக்கக் கூடாது. வண்டியின் அதிர்வு கூடாது. நரம்புக்குப் பக்கத்தில் எலும்பு பலவீனமாக இருக்கிறது. இன்னொரு முறை அடிபட்டால் கால் போய்விடும். பார வண்டி உரிமத்தை இனிப் புதுப்பித்துத் தர மாட்டார்கள்.

"ஒரு வருடம் பிறகு?"

"இல்லை."

"இரண்டு வருடம்?"

"இல்லை. மன்னிக்க வேண்டும்."

கணவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான சிரிப்பு உதட்டில் பாதியில் நின்றது. "என்னவாம்?" என்றார்.

நாலுமடி தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "பார வண்டி இனிமே ஓட்ட முடியாதுங்க. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே. நரம்புக்குப் பக்கத்துல எலும்பு சரியில்லையாம். மறுபடி அடிபட்டா கால் போயிடும்ங்கறாரு. நல்லாக் கேட்டுட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டுட்டேன்."

"உனக்குச் சரியாப் புரியல."

"புரிஞ்சுதுங்க."

"பாப்பா கொஞ்ச நாள்னு சொன்னாளே?"

"பாப்பாவுக்கு மொதல்லயே தெரியும். உங்க மொகத்தப் பாத்து வாய் வரல அவளுக்கு. அவளத் திட்டக் கூடாது. நாமதான் அவ தலையில ஏத்தி வெச்சோம்."

அவர் கைகளை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். தோள் ஒரு முறை குலுங்கியது. டாக்டர் மேசையிலிருந்த மெல்லிய தாள் பெட்டியை நகர்த்தி வைத்தார். கணவர் அதை எடுக்கவில்லை, புறங்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த அரிசி மூட்டையத் தூக்கினப்ப..." என்றார். முடிக்கவில்லை.

"ஆமா."

"டிப்போக்காரன்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே."

"நான் பேசிக்கறேன் அவன்கிட்ட."

"வேணாம். அத நான்தான் சொல்லணும்." மூச்சை இழுத்து விட்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு சரக்கு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நின்று, ஓட்டுநர் இறங்கிப் போகும்வரை பார்த்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

கணவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். குரல் கரகரத்தது. "எது கூடாதுன்னு சொல்லிட்டாரு. எது ஆகும்னு கேளு. எதையாவது பண்ணித்தானே ஆகணும்? எவ்வளவு நேரம் நிக்கலாம், எவ்வளவு தூக்கலாம், சின்ன வண்டியாவது தொடலாமா, எல்லாத்தையும் கேளு."

நாலுமடி டாக்டர் பக்கம் திரும்பினாள். "அவர் என்ன செய்யலாம்? என்னென்ன வேலை? எல்லாம் சொல்லுங்கள்."

டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்குத் தெரியாத சொல் ஒன்று வந்தது. எந்தத் தாளிலும் இல்லாத சொல்.

"நிறுத்துங்கள்" என்றாள். "அந்தச் சொல், மறுபடி."

வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். நாலுமடி திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.